வாய்பாடும் வர்க்கமும்: வீட்டிற் கணக்குப் பயிற்றல் குறித்துச் சில சிந்தனைகள்

தமிழிற் கணக்கு என்னுஞ் சொல் எண்ணை மாத்திரம் குறித்ததன்று. அகர முதலாகிய எழுத்து வரிசையை நெடுங்கணக்கு என்றனர்; நூற்றொகுதியொன்றைக் கீழ்க்கணக்கு என்றனர்; எழுத்தறிவித்த ஆசிரியனைக் கணக்காயன் என்றனர். எண்ணும் எழுத்தும் ஒருங்கே பயிலப்பட்ட கல்வி மரபொன்றின் எச்சங்களாக இச்சொற்கள் நமது மொழியில் நிற்கின்றன. ஆகவே, இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தமிழ்ச் சங்க ஏடொன்றிலே ஆரம்ப வகுப்புக் கணக்கைப் பற்றி எழுத முற்படுவதைத் துறைமாறிப் போதல் எனக் கொள்ள வேண்டியதில்லை.

எடுத்துக்கொண்ட விடயம் மிகச் சாதாரணமானது. முதலாந் தரத்திலிருந்து ஐந்தாந் தரம் வரை பயிலும் பிள்ளைக்கு மாலை வேளைகளில் வீட்டிலே கணக்குப் பழக்குவது எவ்வாறு? பெற்றோருக்கு அறிவுரை கூறும் எழுத்துக்கள் இவ்வினாவுக்கு அளிக்கும் விடைகளிற் பெரும்பாலானவை தம்மளவில் தவறானவையல்ல. ஆயின், அவை 'பிள்ளை'யைப் பற்றியும் 'கணக்கை'ப் பற்றியும் பேசுமளவுக்கு 'வீட்டை'ப் பற்றிப் பேசுவதில்லை. மேசை, மின்விளக்கு, ஓய்வுள்ள தாய், கொப்பியைப் பார்த்துத் திருத்தக்கூடிய தந்தை ஆகியன எல்லா வீடுகளிலும் உள்ளன என்னும் எடுகோளின் மீதே அவ்வறிவுரைகள் எழுப்பப்படுகின்றன. கொழுந்து பறித்து மாலையிலே திரும்பும் தாய், ஆடைத் தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்யும் தாய், மத்திய கிழக்கிலே பிறர் பிள்ளைகளைப் பராமரித்துக்கொண்டு தன் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டிருக்கும் தாய் ஆகியோர் இவ்வெழுத்துக்களின் வாசகர்களாகக் கருதப்படுவதில்லை. வீட்டுப் பயிற்சி பற்றிய எந்தப் பேச்சும் இவர்களையும் உட்கொண்டே தொடங்குதல் வேண்டும்.

நமது மரபில் வீட்டுப் பயிற்சிக்கும் பள்ளிப் பயிற்சிக்கும் இடையிலான எல்லை இன்றுபோல் அமைந்திருக்கவில்லை. திண்ணைப் பள்ளியிற் கணக்குக் கல்வியின் அடிப்படையாக இருந்தவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து முதலிய சுவடிகளாகும். நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் எனச் செல்லும் நெல்லின் அளவைகளையும், முந்திரி எனப்படும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கிலிருந்து மேலெழும் பின்ன எண்களையும், பெருக்கல் வாய்பாடுகளையும் மாணவன் உரத்துச் சொல்லிப் பயின்றான். மணலில் எழுதினான், பின்னர் ஓலையில் எழுதினான், சட்டாம்பிள்ளையின் முன்னிலையில் ஒப்புவித்தான். இம்மரபை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, 2022இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலே, மனனம் என்பதை அறிவற்ற ஒப்புவித்தலாகக் கொள்வது இப்பள்ளிகளைப் பொறுத்தவரை பொருந்தாது என்றும், நினைவாற்றலே இங்கு கற்றலின் ஒரு முறையாக வளர்க்கப்பட்டது என்றும் வாதிக்கின்றார். கவனத்திற் கொள்ளப்பட வேண்டிய வாதம் இது. இன்று 'சொல்லிப் பழகுதல்' என்று நாம் இழிவாக நோக்கும் செயல், அன்று நிலத்தை அளத்தல், நெல்லைப் பகிர்தல், கூலியைக் கொடுத்தல் ஆகிய சமூக நடைமுறைகளோடு நேரடித் தொடர்பு கொண்டிருந்தது.

ஆனால், இதனை வைத்துப் பழம்பெருமை பேசுவதற்கும் இடமில்லை. நெல்லை அளந்தவன் ஒருவன்; அறுவடை செய்தவன் இன்னொருவன். எண்சுவடி பயின்ற பிள்ளை முன்னவனுடையதேயன்றிப் பின்னவனுடையதன்று. கணக்கு அறிந்தோர் ஊருக்குச் சிலராக இருப்பது நிலமானிய உறவுகளுக்கு உவப்பானதாகவே இருந்தது. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் திண்ணைக்கு வெளியிலேயே நின்றனர். யாழ்ப்பாணத்தில் 1930ஆம் ஆண்டளவிற்கூட, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்தும் 'சமஆசன' ஏற்பாட்டுக்கு எதிராகப் பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. வாங்கு மறுக்கப்பட்ட பிள்ளைக்கு வாய்பாடும் மறுக்கப்பட்டது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதிலும், மலையகத் தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்துக்குள் உடனடியாகச் சேர்க்கப்படவில்லை. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. எனவே, 'உன் அப்பாவிடம் கேட்டுச் செய்துகொண்டு வா' என்று ஆசிரியர் கூறும் ஒரு சாதாரண வாக்கியத்தின் பின்னால் இவ்வளவு வரலாறும் நிற்கின்றது. எந்த அப்பாவிடம் என்பதே கேள்வி.

இனி, பயிற்சியின் மொழியை நோக்குவோம். ஆரம்பக் கணிதத்திலே பிள்ளை எதிர்கொள்ளும் முதற் பெருந்தடை இடமதிப்பாகும். நூற்றெட்டு என்று சொல்லி எழுதச் சொன்னால், 1008 என எழுதும் பிள்ளைகளை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். கவனமின்மை என்று இதற்குச் சிவப்பு மையாற் குறுக்குக்கோடு இடப்படுகின்றது. உண்மையில் அப்பிள்ளை மிகுந்த கவனத்தோடு கேட்டிருக்கின்றது. நூறு என்று கேட்டு 100 எழுதியது; எட்டு என்று கேட்டு 8 எழுதியது. பழைய தமிழ் எண்குறிகளில் இவ்வெண் எழுதப்பட்ட முறையும் இதுவேயாகும்: நூற்றுக்கு ௱, எட்டுக்கு ௮, இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் ௱௮. பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகளைக் கொண்ட அம்முறையிற் பூச்சியத்துக்கு வேலை இல்லை. எழுத்து, பேச்சை அப்படியே பின்பற்றிச் சென்றது. பூச்சியத்தோடு கூடிய இடமதிப்பு முறை 19ஆம் நூற்றாண்டிலே அச்சுப் பாடநூல்களின் வழியாகத் தமிழ்க் கல்வியிற் பரவியபோது, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு பிளவு தோன்றியது. ஒரு மொழிச் சமூகம் பல நூற்றாண்டுகளாக எழுதி வந்த முறையை ஏழு வயதுப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து எழுதுகின்றது. நாம் அதனை மக்கு என்கின்றோம்!

இதற்கு வீட்டிற் செய்யத்தக்க பரிகாரம் எளியது. பழைய நாட்காட்டி மட்டையிலே 100, 200 முதலியவற்றை நீண்ட துண்டுகளிலும், 10, 20 முதலியவற்றை அதனிற் குறுகிய துண்டுகளிலும், 1 முதல் 9 வரை மிகக் குறுகிய துண்டுகளிலும் எழுதி வெட்டிக்கொள்ள வேண்டும். 100 எனும் துண்டின் வலப்பக்க ஓரத்தோடு ஒட்டி 8 எனும் துண்டை மேலே வைத்தால் 108 தோன்றும். மறைந்த பூச்சியம் அடியிலே இருப்பதைப் பிள்ளை துண்டைத் தூக்கிப் பார்த்து அறியும். நூறு அழியவில்லை, அதன் மேல் எட்டு அமர்ந்திருக்கின்றது என்பதை விளங்கிக்கொண்ட பின்னர் 1008 எழுதுவது பெரும்பாலும் நின்றுவிடும். இதனோடு, ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாகக் கட்டி எண்ணச் செய்தல் நன்று. ஈர்க்கு இல்லாத வீடு ஈழத்துத் தமிழ்க் கிராமங்களில் இல்லை.

தமிழ் எண்ணுப்பெயர்கள் பிள்ளைக்குத் தரும் நன்மையையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். பதின்மூன்று என்பதிற் பத்து முதலிலும் மூன்று பின்னரும் வருகின்றன, எழுதும்போதும் அவ்வாறே. ஆங்கிலத்திலோ பதின்மூன்று முதலாக உள்ள பெயர்களில் ஒன்றினிடத்து எண் முன்னே சொல்லப்படுகின்றது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களிற் பத்து இருப்பதையே காணமுடியாது. இருபது, முப்பது, நாற்பது என்பவற்றிலே இரண்டு பத்து, மூன்று பத்து, நான்கு பத்து என்னும் பெருக்கல் வெளிப்படையாகவே ஒலிக்கின்றது. இவ்வொழுங்கு ஒன்பதில் முறிகின்றது. எண்பதுக்குப் பின்னர் வருவது நூறு என்னும் சொல்லை உள்ளடக்கிய தொண்ணூறு. எண்ணூற்றுக்குப் பின்னர் வருவது ஆயிரத்தை உள்ளடக்கிய தொள்ளாயிரம். தொல்காப்பியரே குற்றியலுகரப் புணரியலில் இவ்வடிவங்களுக்குத் தனி விதி கூற வேண்டியிருந்தது. பெரும் இலக்கணிக்குத் தனிச் சூத்திரம் தேவைப்பட்ட இடத்திற் சிறுபிள்ளை தடுமாறுவது வியப்பன்று. எண்பத்தொன்பதிலிருந்து தொண்ணூற்றுக்கும், எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதிலிருந்து தொள்ளாயிரத்துக்கும் செல்லும் இரண்டு வாசல்களையும் தனியாக எடுத்துப் பழக்குதல் போதும்.

பின்னங்களிலும் இவ்வாறே. அரைக்கால் என்னுஞ் சொல் காலின் அரைவாசி எட்டிலொன்று என்பதைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கின்றது; முக்கால் என்பது மூன்று கால். ஒரு றாத்தல் பாணை அரையாகவும் காலாகவும் அரைக்காலாகவும் வெட்டிக் காட்டும் தாய், பின்னப் பெருக்கலின் முதற் பாடத்தை நடத்திவிடுகின்றாள். நமது மத்தியதர வர்க்கத்தினரிற் பலர் மேடையிலே தமிழ்ப்பற்றைப் பேசிவிட்டு, வீட்டிற் பிள்ளைக்கு எண்களை ஆங்கிலத்தில் மாத்திரம் சொல்லிக்கொடுப்பதன் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாடசாலையிலே தமிழிற் கணிதம் பயிலும் பிள்ளை வீட்டில் வேறொரு மொழியில் எண்ண வேண்டியிருப்பது அதற்கு இரட்டைச் சுமையேயாகும்.

மொழி சார்ந்த இன்னொரு சிறு விடயம் கழித்தலிற் 'கடன் வாங்குதல்' என்னும் உருவகமாகும். 52இலிருந்து 27ஐக் கழிக்கும்போது, இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து ஐந்திடம் கடன் வாங்கு என்கிறோம். இலக்கியத் திறனாய்வில் உருவகத்தின் பொருத்தத்தை ஆராய்பவர்கள் இதனையும் ஆராய வேண்டும். இக்கடன் ஒருபோதும் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை; வாங்கியது ஒன்று, கையில் வருவது பத்து. கடனென்றால் என்னவென்று அனுபவத்தால் அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது பெரும் புதிராகவே இருக்கும். நடப்பதோ, ஒரு பத்தின் கட்டைக் குலைத்துப் பத்து ஒன்றுகளாக்குவது மாத்திரமே. ஈர்க்குக் கட்டைக் கையாற் குலைத்த பிள்ளைக்கு உருவகம் வேண்டியதில்லை. ஐந்து கட்டும் இரண்டு ஈர்க்கும் இருந்தன. ஒரு கட்டைக் குலைத்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு ஈர்க்கும். அவற்றிலிருந்து இரண்டு கட்டையும் ஏழு ஈர்க்கையும் எடுத்தால் மிஞ்சுவது இரண்டு கட்டும் ஐந்து ஈர்க்கும். விடை 25.

வாய்பாட்டை மனனஞ் செய்தல் பற்றி முற்போக்காளரிடையே நிலவும் ஒரு மயக்கத்தை இங்கு எடுத்துப் பேசுவது அவசியம். மனனம் பிற்போக்கானது, பிள்ளையின் படைப்பாற்றலைக் கொல்வது, எனவே கைவிடத்தக்கது என்னுங் கருத்து நமது வட்டாரங்களிலே கேள்வியின்றி ஏற்கப்பட்டுள்ளது. அந்தோனியோ கிராம்சி முசோலினியின் சிறையிலிருந்து கல்வி பற்றி எழுதிய குறிப்புகளை இவ்விடத்தில் நினைவுகூரலாம். 1923இல் இத்தாலியில் ஜென்டீலே கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தம் புதுமையின் பெயராலே பழைய பயிற்சி முறைகளை ஏளனஞ் செய்தது. நடைமுறையில் அது உழைக்கும் மக்களின் பிள்ளைகளைத் தாழ்ந்த வகைப் பள்ளிகளுக்குள் நிலைநிறுத்தியது. கற்றல் என்பதும் ஓர் உழைப்பே, அதற்கும் உடலையும் நரம்பையும் பழக்கும் தொழிற்பயிற்சி உண்டு என்று கிராம்சி வலியுறுத்தினார். படித்தவர் வீட்டுப் பிள்ளை அப்பழக்கத்தைக் காற்றோடு உள்வாங்கிக் கொள்கின்றது. தொழிலாளியின் பிள்ளைக்கு அதனைப் பள்ளியே வழங்க வேண்டும். பள்ளி வாய்பாட்டைக் கைவிட்டால் வசதியுள்ளவர் பிள்ளை அதனைத் தனியார் வகுப்பிற் பெற்றுக்கொள்ளும். வசதியற்றவர் பிள்ளை பெறாது. இதில் எது முற்போக்கு?

மனனஞ் செய்ய வேண்டியது எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து வரையிலான வாய்பாட்டில் நூறு பெருக்கங்கள் உள்ளன. இவை யாவற்றையும் நூறு தனிச் செய்திகளாகப் பிள்ளையின் தலையில் ஏற்றும்போதே வெறுப்புத் தோன்றுகின்றது. மூன்றை ஏழாற் பெருக்குவதும் ஏழை மூன்றாற் பெருக்குவதும் ஒன்றேயென்பதைப் புளியங்கொட்டைகளை நிரல்களாக அடுக்கிக் காட்டினால் நூறு, ஐம்பத்தைந்தாகக் குறையும். ஒன்றாம் வாய்பாடும் பத்தாம் வாய்பாடும் எவருக்கும் பயிற்ற வேண்டாதவை; அவை போக 36. இரண்டாம் வாய்பாடு இரட்டித்தலே. அது போக 28. ஐந்தாம் வாய்பாடு பத்தின் அரைவாசி. அது போக 21. ஒன்பதாம் வாய்பாடு பத்தாம் வாய்பாட்டிலிருந்து ஒருமுறை குறைப்பது, அதாவது ஒன்பதேழு என்றால் எழுபதில் ஏழு குறைய 63. அதுவும் போக எஞ்சுவன பதினைந்து மாத்திரமே. மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு ஆகிய ஐந்து எண்களும் தம்முள்ளே பெருகும் பெருக்கங்கள் அவை. வாரத்துக்கு இரண்டாக எடுத்தாலும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அவற்றுள்ளும் ஒன்று மறந்தால் மற்றொன்றிலிருந்து மீட்க முடியும்: ஏழெட்டு மறந்துவிட்டதா? ஐயெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, இரண்டையுங் கூட்ட ஐம்பத்தாறு. மீட்கும் வழி தெரிந்த பிள்ளை மனனத்துக்கு அஞ்சாது. ஈரெட்டு, மூவெட்டு, ஐயெட்டு, எண்ணெட்டு என எண்ணுப்பெயர் குறுகி ஓசையொழுங்கோடு அமையும் தமிழ் வாய்பாடு வாயால் உரத்துச் சொல்லுவதற்கென்றே ஆக்கப்பட்டது. அதனை மௌனமாக எழுதிப் பழக்குவது பாட்டை மனத்துக்குள் வாசிப்பது போன்றது.

மனனம் ஒரு பக்கம். மறுபக்கத்தில், பிள்ளை ஏற்கெனவே அறிந்துள்ள கணக்கைப் பள்ளி கண்டுகொள்வதில்லை என்னும் பிரச்சினை உண்டு. பிரேசில் நாட்டின் ரெசீஃபே நகரத்துச் சந்தைகளிலும் தெருக்களிலும் பொருள் விற்ற ஏழைப் பிள்ளைகளைப் பற்றி டெரெசின்ஹா நூனெஸ் கறஹேர், டேவிட் கறஹேர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. ஆய்வுக்குட்பட்டோர் ஐந்து பிள்ளைகளே. எனினும், வெளிப்பட்ட உண்மை கூர்மையானது. வாங்குவோரைப் போல் ஆய்வாளர் வினவியபோது அப்பிள்ளைகள் ஏறத்தாழ 98 வீதமான கணக்குகளைச் சரியாகச் செய்தனர். அதேவகைக் கணக்குகள் பின்னர் வசனக் கணக்குகளாகக் கொடுக்கப்பட்டபோது 74 வீதம். வெறும் எண்களாகக் கொடுக்கப்பட்டபோது 37 வீதம் மாத்திரமே.

அவர்களுடைய வழிமுறை நமது கவனத்துக்குரியது. ஒரு தேங்காய் 35 குரூசேரோ எனின் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்கப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன், மூன்றின் விலை 105 என்று தொடங்கினான், இன்னும் மூன்று சேர 210, பின்னர் 315, கடைசியாக ஒன்று சேர 350 என்று முடித்தான். மூன்று தேங்காய்களாக விற்றுப் பழகியவன் மூன்று மூன்றாகவே எண்ணினான். பத்தாற் பெருக்க ஒரு பூச்சியத்தைச் சேர் என்னும் பள்ளி விதியை அவன் நாடவில்லை. 35ஐ நான்காற் பெருக்கும் கணக்கைத் தேங்காய் விலையாகக் கேட்டபோது 140 என்று சரியாகக் கூறிய பிள்ளை, அதனையே தாளில் எழுதியபோது 200 என்றது: நாலைந்து இருபது, கையில் இரண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து, நாலைந்து இருபது. கையிலுள்ளதை எப்போது கூட்டுவது என்னும் விதி குழம்பிவிட்டது. தேங்காய் விற்கும்போது 200 என்று சொல்லியிருந்தால் அக்கணமே அது தவறெனப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். தாளில் எழுதிய எண் எதையும் குறிக்காததால் எவ்வெண்ணும் விடையாகலாம் போலத் தோன்றிற்று.

நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2025இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோரும் பிறரும் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளியாகின. மிகப் பெரிய தொகையினரை உள்ளடக்கிய அவ்வாய்விலும் இதே நிலை காணப்பட்டது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான விற்பனைக் கணக்குகளை மனத்தாற் செய்தனர். பள்ளி வடிவிலான எளிய கணக்குகளிற் பலர் தடுமாறினர். சந்தை அனுபவமற்ற பள்ளிப் பிள்ளைகளோ இதற்கு நேர்மாறாக, பள்ளிக் கணக்கைச் செய்தனர். சந்தைக் கணக்கில் இடர்ப்பட்டனர். இவ்வாய்வுகளைக் கொண்டு பிள்ளைத் தொழிலுக்குப் புகழ்பாடுவது கொடுமையாகும். பள்ளிக் கணக்கின் பொதுமைப்படுத்தும் ஆற்றல் சந்தைக் கணக்குக்கு இல்லை. மூன்று மூன்றாக எண்ணும் வழி பெரிய எண்களிற் களைத்துப்போகும். ஆனால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் தானாக அமைவதில்லை. அப்பாலத்தை அமைப்பதே வீட்டுப் பயிற்சியின் உண்மையான பணி. கடைக்குப் போய்வந்த பிள்ளையிடம் 1000 ரூபா கொடுத்து 375 ரூபாவுக்குப் பொருள் வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று கேட்கலாம். கடைக்காரர் செய்வதுபோல, 375இலிருந்து 400க்கு 25, அங்கிருந்து 1000க்கு 600, எல்லாமாக 625 என்று பிள்ளை சொல்லும். அதன் பின்னர், அதே கணக்கை எழுத்திற் கழித்துக் காட்டச் செய்து, இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேருவதைக் காணச் செய்ய வேண்டும். ஒரு வழியை மாத்திரம் சரியென்று கொண்டாடி மற்றையதைத் தண்டிப்பதே பெரும்பாலும் நடக்கின்றது.

இடையில் ஒன்று. தசமத்தைச் சதத்தாற் கற்பிக்கும் பழைய வழி இனிப் பயன்படாது. சதக் காசைக் கையாற் தொடாமலேயே இன்றைய பிள்ளைகள் வளர்கின்றன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட 2022இன் பின்னர், ரூபாவின் சில்லறையே மதிப்பிழந்துவிட்டது. கிலோகிராமும் கிராமும், மீற்றரும் சென்ரிமீற்றரும் இதற்கு ஏற்றவை.

உதவி செய்வது எவ்வாறு என்பதிற் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி (1896-1934) விட்டுச்சென்ற கருத்து இன்றும் பயனுடையது. பிள்ளை இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை தானாகச் செய்யும். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே கற்பித்தல் நிகழ வேண்டும். விடையைச் சொல்லிவிட்டால் அவ்வெளி மூடப்படுகின்றது. 'நீயே யோசி' என்று விலகிச் சென்றாலும் மூடப்படுகின்றது. 52இல் 27 போக எவ்வளவு என்று திகைத்து நிற்கும் பிள்ளையிடம், 27இலிருந்து 30க்கு எவ்வளவு என்று கேட்பதே துணை. விடை தவறானால், 'பிழை' என்பதற்கு முன்னர் 'எப்படிச் செய்தாய், சொல்லு பார்ப்பம்' என்று கேட்க வேண்டும். பாதித் தவறுகளைப் பிள்ளை சொல்லும்போதே தானாகக் கண்டுபிடித்துவிடும்.

இவ்விடத்திலேதான் எழுத்தறிவு குறைந்த தாயின் நிலை, பலரும் எண்ணுவதுபோல் அவ்வளவு பலவீனமானதன்று என்பது தெரிகின்றது. அமெரிக்காவில் எரின் மலோனி முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று, கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவும்போது, அவர்களுடைய பிள்ளைகள் அவ்வாண்டிற் குறைவாகவே கற்கின்றனர் என்றும் பிள்ளைகளிடமும் அவ்வச்சம் மிகுகின்றது என்றும் காட்டிற்று. படித்த பெற்றோரின் பதற்றமும் திட்டும் அடியும், படிக்காத தாயின் பொறுமையான செவியைக் காட்டிலும் தீங்கானவையாக அமையக்கூடும். பிள்ளை கணக்கைத் தாய்க்கு விளக்கட்டும். தாய் விளங்காத இடத்திற் கேட்கட்டும். 'எனக்கும் சின்ன வயதிலே கணக்கு வராது, உனக்கும் வராதுதான்' என்று மட்டும் எவரும் சொல்லக்கூடாது. கணக்கு இரத்தத்தில் ஓடுகின்றது என்னும் இக்கருத்து சாதியத்தின் இன்னொரு வடிவமாகும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அதற்கு அரசாங்க முத்திரை இடுகின்றது. அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றும் இப்பரீட்சையில், பெரும்பான்மையோர் பத்து வயதிலேயே தம்மைத் தோற்றவர்களென அறிந்துகொள்கின்றனர். ரியூசன் வகுப்புகள் பெருகியதன் காரணமும் இதுவே. பிள்ளையின் ஐயத்தை அங்கு எவரும் கேட்பதில்லை. கடந்தகால வினாத்தாள்களின் வேகமே அங்கு பயிற்றப்படுகின்றது.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். றொபேட் சீக்லர், கீதா றமணி ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்விலே, குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறு பிள்ளைகள் எண்கள் எழுதிய கட்டங்களில் நகரும் விளையாட்டொன்றை நான்கு தடவைகள், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடங்கள் வரை விளையாடியமை எண்ணறிவைக் கணிசமாக உயர்த்தியது. எண்களுக்குப் பதிலாக நிறங்கள் தீட்டிய கட்டங்களில் விளையாடியோரிடம் அம்முன்னேற்றம் இல்லை. பாம்பும் ஏணியும் விளையாடினால் நகரும்போது கட்டத்தின் எண்களை உரத்துச் சொல்லச் செய்ய வேண்டும். தாயத்தில் அவ்வாறு எண் எழுதிய கட்டங்கள் இல்லையாயினும் ஐந்து, ஆறு, பன்னிரண்டு என விழுவனவற்றைக் கூட்டிச் செல்வது நல்ல பயிற்சியே.

வீடு இடங்கொடாதவிடத்து வேறு இடம் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஒரு காலத்தில் இப்பணியைச் செய்தன. பல இன்றும் கட்டடமாகவேனும் உள்ளன. மாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை மேல்வகுப்பு மாணவர் இருவர் பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாற் போதும். கட்டணம் வேண்டாம், வினாத்தாளும் வேண்டாம். பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் விடுமுறைக் காலத்தில் இதனை ஏற்கலாம். மலையகத்திலே லயன்களின் நடுவேயுள்ள பிள்ளைப் பராமரிப்பு நிலையமோ கோயில் மண்டபமோ பயன்படும். அங்கு செய்யத்தக்க கணக்குகள் பாடநூலில் இல்லை. ஆனால் வீட்டில் உண்டு. ஒரு தாய் நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்கின்றாள்: 7 கிலோ, 6 கிலோ, 8 கிலோ; மொத்தம் 21. ஈரத்துக்கும் பைக்குமென்று ஒவ்வொரு நிறுவையிலும் ஒரு கிலோ கழிக்கப்படுகின்றது எனக் கொள்வோம். துண்டில் விழுவது 18. அன்றைய பேருக்குரிய அளவும் 18 கிலோவே எனின் மேலதிகமாக எதுவும் இல்லை. மாதத்தில் 25 நாள் வேலை. கழிக்கப்பட்டது 75 கிலோ. மேலதிகக் கிலோ ஒன்றுக்கு 40 ரூபா எனின் 3000 ரூபா. இதிற் கூட்டலும் கழித்தலும் இரண்டு பெருக்கலுமே உள்ளன. பையின் உண்மையான நிறை எவ்வளவு என்பதை வீட்டிலே தராசிருந்தால் நிறுத்துப் பார்த்து, கழிவு எவ்வளவாக இருந்திருக்க வேண்டும் என்பதை நான்காந் தரப் பிள்ளை தாயின் முன்னிலையிலே செய்து காட்டலாம். சம்பளத் துண்டை அதற்கருகில் வைத்துக்கொள்வது நல்லது.